ரம்மி விளம்பரமும் திதிக் கணக்கும்: ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு வலைத்தளம் அமைத்த குறிப்புகள்

இல்லத்தின் சுற்றுச்சுவரில் நீல வண்ணத்தில் பெரிதாக எழுதியிருந்த வலைமுகவரியைக் கைபேசியில் தட்டிப் பார்த்தபோது ரம்மி விளையாட்டு விளம்பரம் திறந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் 46 குழந்தைகள் தங்கிப் படிக்கும் இல்லம் அது. அதை நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாகி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். இந்த விளம்பரத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று 2023 ஜூன் மாதம் அவர் என்னை அழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போன வேலை அடுத்த ஆண்டு மே மாதம் வரை நீண்டது. வேறொரு சிறிய அமைப்புக்காக இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால், செய்ததையும் தவறியதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முகவரி கைவிட்டுப் போன கதை சிறியது. முன்பு தளத்தை அமைத்துக் கொடுத்த கல்லூரி மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில் டாட் ஆர்க் முகவரியைப் பதிந்திருந்தார். பிறகு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத பெட்டியில் கிடந்தன. டாட் ஆர்க் முகவரி காலாவதியானாலும், முகவரிகளைப் பதிந்து தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க இடம் தரும். அதன் பின் 30 நாட்கள் கூடுதல் கட்டணத்துடன் மீட்கலாம். அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் விடுவிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பல இடங்களிலிருந்து இணைப்புக் கொடுக்கப்பட்ட பழைய முகவரிகளுக்குத் தேடுபொறிகளில் மதிப்பு உண்டு என்பதால், இப்படி உதிர்கிற பெயர்களைக் காத்திருந்து அள்ளுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாக் கெடுவும் முடிந்திருந்தது. புதிதாக டாட் இன் முகவரி ஒன்றை அறக்கட்டளையின் அலுவலக மின்னஞ்சலிலேயே பதிந்து, ஐந்தாண்டுக்கான கட்டணத்தை ஒரே தடவையில் கட்டினோம். கடவுச்சொல்லை எழுதிய உறை, அறக்கட்டளைப் பத்திரத்தோடு பீரோவில் இருக்கிறது. பாதுகாப்பு நிபுணர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் இதுவரை எதுவும் தொலையாத ஒரே இடம் அந்தப் பீரோதான்.

தளத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பேச அறங்காவலர்கள் கூடினார்கள். முகப்பில் தானாக நகரும் படங்கள், ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்திய காட்சிகள், நிறுவனரின் வாழ்க்கை வரலாறு, இலட்சியம், நோக்கம், தொலைநோக்கு என்று பட்டியல் நீண்டது. நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை. அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்கும் அக்காவிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, ஒரு மாதம் வருகிற ஒவ்வொரு அழைப்பிலும் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஜூலை இறுதியில் 63 வரிகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 38, இன்ன தேதியில் ஒரு வேளைச் சாப்பாடு போட முடியுமா, எவ்வளவு ஆகும் என்பவை. அடுத்ததாகப் பழைய துணி எடுத்துக்கொள்வீர்களா என்பது. பிறகு ரசீது வரவில்லை என்ற புகார், பேருந்து நிலையத்திலிருந்து வருகிற வழி, நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பிரிவிலிருந்து இரண்டு விசாரணைகள். இலட்சியத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நோட்டுதான் தளத்தின் வரைபடமாயிற்று. தொண்டு அமைப்பின் தளம் என்றதும், பார்க்கிறவர் மனத்தை உருக்கிக் கொடுக்க வைப்பதே அதன் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் இல்லத்துக்குப் பேசுகிறவர் ஏற்கெனவே கொடுக்க முடிவு செய்துவிட்டுத்தான் பேசுகிறார். அப்பாவின் நினைவு நாளோ மகளின் முதல் பிறந்தநாளோ அந்த முடிவை அவருக்காக எடுத்துவிட்டது. அவருக்கு வேண்டியது அந்த நாள் காலியாக இருக்கிறதா, எவ்வளவு, யாருக்கு, ரசீது எப்போது என்ற நான்கு பதில்கள். அந்தப் பதில் கிடைக்காமல் போகிற இடத்தில்தான் ஆளை இழக்கிறோம்.

ஆகவே முதலில் கட்டியது உணவு நாட்காட்டி. பழைய பேரேட்டைப் புரட்டியதில், ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தீபாவளி, பொங்கல் ஆகிய நாட்களில் நான்கைந்து குடும்பங்கள் ஒரே மதிய உணவுக்குப் போட்டியிட்டிருப்பதும், பள்ளி திறந்த பிறகு வருகிற சாதாரணச் செவ்வாய், புதன்களில் தொடர்ந்து வெற்றிடமாக இருப்பதும் தெரிந்தது. அமாவாசையன்று இடம் இல்லை என்று தொலைபேசியில் சொன்னால் பலர் "சரிங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று வைத்துவிடுகிறார்கள். அதே ஆள், திரையில் முந்தைய நாளும் அடுத்த நாளும் காலியாக இருப்பதைப் பார்த்தால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்வார் என்பது என் ஊகம். நடைமுறையில் அது பெருமளவு சரியாகவே இருந்தது.

தொழில்நுட்பத்தில் எளிமையைத் தவிர வேறெதையும் நாடவில்லை. பழைய தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இருந்தது. அதில் கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களை மாதந்தோறும் புதுப்பிக்க அங்கே ஆள் இல்லை. புதுப்பிக்காத செருகுநிரல் திறந்து வைத்த கொல்லைக்கதவு. எனவே தரவுத்தளம் இல்லாத நிலைத்த பக்கங்களாகவே முழுத் தளத்தையும் எழுதினேன். மாறுகிற ஒரே பகுதியான நாட்காட்டி மட்டும், அக்கா அலுவலகத்தில் நிரப்புகிற கூகுள் ஷீட்டிலிருந்து தகவலை எடுத்துக்கொள்ளும். அவருக்கு அட்டவணையில் தட்டச்சு செய்வது பழக்கம். புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் என் பெரிய தவறு நடந்தது. ஷீட்டை இணையத்தில் வெளியிடும் வசதியைப் பயன்படுத்தியபோது, நாள்களின் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழுக் கோப்பையும் வெளியிட்டுவிட்டேன். தளத்தில் 'காலி', 'நிறைந்தது' என்பவை மட்டும்தான் தெரிந்தன. ஆனால் பக்கத்தின் மூலநிரலைத் திறக்கத் தெரிந்த எவரும் அதிலுள்ள இணைப்பைத் தொடர்ந்து, கொடையாளர்களின் பெயர், கைபேசி எண், யாருடைய நினைவு நாள் என்பது வரை படித்திருக்கலாம். ஒன்பது நாட்கள் அப்படி இருந்தது. கவனித்த அன்றே வெளியீட்டை நிறுத்திவிட்டு டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பட்டியலில் இருந்த 17 பேருக்கும் அவரே தொலைபேசியில் பேசி நடந்ததைச் சொல்லிவிட்டார். இப்போது விவரங்கள் இருக்கும் கோப்பு வேறு, தேதியும் நிலையும் மட்டும் இருக்கும் கோப்பு வேறு. இரண்டாவதுக்கு முதலாவதிலிருந்து அந்த இரண்டு நெடுவரிசைகள் மட்டும் போகும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆகஸ்டில்தான் நிறைவேறியிருந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்திருக்க வேண்டியதுதான்.

வெளியிட்ட ஷீட்டில் மாற்றம் தெரியச் சில நிமிடங்கள் ஆகும் என்பதாலும், தொலைபேசி வழியாகவும் பதிவுகள் வருவதாலும், தளத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது கோரிக்கை மட்டுமே. அக்கா அன்று மாலை அழைத்து உறுதி செய்த பிறகே நாள் நிறையும். பணமும் அதற்குப் பிறகுதான். முழுவதும் தானாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நான் இதற்கு அரைமனத்தோடுதான் உடன்பட்டேன். ஆனால் அந்த அழைப்பில்தான் பாயசம் வேண்டுமா, குடும்பத்தோடு வருவார்களா, பிள்ளைகளுக்கு ஒவ்வாத பொருள் எதையாவது கொண்டுவர எண்ணியிருக்கிறார்களா என்பதெல்லாம் பேசப்படுகின்றன. படிவத்தில் கேட்டால் இவற்றை ஒருவரும் நிரப்ப மாட்டார்கள்.

விலை விஷயத்தில் சமையல் செய்யும் அம்மாவிடம் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். முன்பு வாய்வழியாக 5,000 ரூபாய் என்று ஒரு முழுத்தொகை சொல்லிவந்தார்கள். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. அரிசி, பருப்பு, காய், எண்ணெய், தயிர், அப்பளம் என்று கூட்டி, "கேஸைச் சேக்கலயே தம்பி" என்று அவர் நினைவூட்டியதையும் சேர்த்து, மதிய உணவுக்கு 2,500 ரூபாய், வடை பாயசத்தோடு 3,200 ரூபாய் என்று வந்தது. அந்தக் கணக்கையே தளத்தில் போட்டோம். உணவகத்தில் வாங்கிய பொட்டலங்களை ஏற்பதில்லை, எங்கள் சமையலறையில் சமைத்ததையே பரிமாறுகிறோம் என்ற குறிப்பையும் அதன் கீழேயே வைத்தோம்.

பழைய துணி பற்றிய பக்கம் ஐந்து வரிதான். துணி வேண்டாம் என்று நேரில் சொல்லக் கூச்சப்படுகிற டீச்சருக்காகத் தளமே அதைச் சொல்லிவிடுகிறது. இந்த மாதம் தேவைப்படுகிறவை என்று நோட்டுப் புத்தகம், சோப்பு, பாய், பெண் குழந்தைகளுக்கான நாப்கின் ஆகியவற்றை எண்ணிக்கையோடு அக்கா எழுதுகிறார்.

படங்கள் என்னை எதிர்பார்த்ததைவிட அதிகம் அலைக்கழித்தன. அறங்காவலர் ஒருவர் தன் கைபேசியிலிருந்து இருநூறு படங்கள் அனுப்பினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் குழந்தைகளின் முகம். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும், படத்தையும், எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று குழந்தைகள் நலக் குழு எழுத்தில் காரணம் காட்டி அனுமதித்தால் மட்டுமே விலக்கு. இல்லத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்கும் இந்தப் பிள்ளைகள்தான் காரணம்.

"முகத்த மறைச்சா யாரு தம்பி காசு தருவா?" என்று அந்த அறங்காவலர் கேட்டார். கேள்வியில் பொய் இல்லை. பல அமைப்புகளின் சுவரொட்டிகள் அந்த நம்பிக்கையில்தான் அச்சாகின்றன. டீச்சர் ஒரே வரியில் முடித்தார்: நாளைக்கு அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போது யாராவது இந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினால் நாம் என்ன பதில் சொல்வோம்? அதற்குப் பிறகு இந்தப் பேச்சு எழவில்லை. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பதையும் தவிர்த்தோம். அது குற்றவாளியைக் காட்டுவது போலிருக்கிறது, தெரிந்தவர்களுக்கு அடையாளமும் தெரிந்துவிடுகிறது.

முகம் இல்லாமல் எடுக்கலாம் என்று கேமராவோடு இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். வரிசையாக விட்டிருந்த செருப்புகள், கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகள், அரிசி களையும் கைகள், மொட்டைமாடியில் காயும் சீருடைகள், மாலைப் படிப்பு நேரத்தில் பின்னாலிருந்து தெரியும் இரட்டைச் சடைகள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, சீருடையின் பையில் பள்ளியின் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. நோட்டு அட்டையில் பெயர்ச்சீட்டு. சுவரில் ஒட்டிய ஓவியத்தின் ஓரத்தில் வரைந்த பிள்ளையின் கையெழுத்து. பாதிப் படங்கள் அப்படிக் கழிந்தன. மீதிப் படங்களிலிருந்து, கைபேசிக் கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் இடக்குறிப்புகளையும் நீக்கினேன்.

விருந்து தர வருகிறவர்கள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் நாட்காட்டியிலேயே, பதிவு செய்யும் பொத்தானுக்கு மேலே எழுதினோம். வந்த பிறகு சொன்னால் மனத்தாங்கல். முன்பே சொன்னால் விதி. இதனால் இரண்டு பேர் பதிவை விலக்கிக்கொண்டார்கள். அதைப் பற்றி டீச்சர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பணம் வாங்கும் பக்கத்தை எழுதுவதற்குள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நான்கு முறை போய்வந்தேன். அதுவரை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த கியூஆர் குறியீடு அறங்காவலர் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு உரியது. அவர் ஒவ்வொரு ரூபாயையும் நேர்மையாக மாற்றித்தான் கொடுத்திருந்தார். ஆனாலும் கொடையாளர் பணம் கொடுத்தது அறக்கட்டளைக்கு அல்ல, தனிமனிதருக்கு என்றுதான் ஏட்டில் இருக்கும். அதை வைத்து, கொடையாளர் வருமான வரிக் கழிவு கோர உதவும் 80ஜி ரசீது போட முடியாது என்று ஆடிட்டர் கடிந்துகொண்டார். வங்கியில் அறக்கட்டளையின் பெயரிலேயே வணிகர் வகைக் கியூஆர் குறியீடு வாங்கினோம்.

அதைப் பெரிதாகப் பக்கத்தில் போட்ட முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை தெரிந்தது. வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கைபேசியில் பார்க்கிறார்கள். தன் கைபேசித் திரையில் இருக்கும் குறியீட்டைத் தன் கைபேசியாலேயே எப்படி ஸ்கேன் செய்வது? சிலர் மனைவியின் கைபேசியை வாங்கி எடுத்ததாகச் சொன்னார்கள். படத்தைச் சேமித்துச் செயலிக்குள் திறக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கைபேசியில் பார்க்கும்போது குறியீட்டுக்குப் பதிலாக, தொட்டவுடன் யுபிஐ செயலியைத் தொகையோடு திறக்கும் பொத்தானும், யுபிஐ முகவரியை நகலெடுக்கும் பொத்தானும் தெரியும்படி மாற்றினேன். கணினியில் பார்ப்பவருக்கு மட்டும் குறியீடு. அட்டை, நெட்பேங்கிங் வழியாகத் தர விரும்புகிறவர்களுக்கு ஒரு பேமெண்ட் கேட்வே, அதாவது இணையத்தில் பணம் வாங்கித் தரும் இடைச்சேவை உண்டு. அது 2 சதவீதக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கிறது. 2,500 ரூபாய் உணவுக்கு 59 ரூபாய் போய்விடும். அதனால் அது இரண்டாம் இடத்தில், சிறிய எழுத்தில்.

யுபிஐயில் பணம் மட்டும்தான் வரும். கொடுத்தவரின் முகவரியோ பான் எண்ணோ வராது. அவை ஏன் வேண்டும் என்று தெரியாமல் மக்கள் எரிச்சலடைவதால், காரணத்தைப் படிவத்திலேயே விளக்கினோம். அப்போதைய விதிப்படி, 2021-22 நிதியாண்டிலிருந்து, 80ஜி பதிவுள்ள அமைப்பு ஒவ்வொரு கொடையாளரின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை, கொடுத்த முறை ஆகியவற்றைப் படிவம் 10பிடியில் வருமான வரித்துறைக்குத் தர வேண்டியிருந்தது. நிதியாண்டு முடிந்து மே 31க்குள் அதைத் தாக்கல் செய்து, படிவம் 10பிஇ என்ற சான்றிதழைப் பதிவிறக்கிக் கொடையாளருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஆக, ஏப்ரலில் பணம் கொடுத்தவர் வரிக் கணக்கில் காட்டுவதற்கான சான்றிதழுக்கு அடுத்த ஆண்டு மே வரை கூடக் காத்திருக்க நேரும். நோட்டில் இருந்த ரசீதுப் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு தாள்களைக் குழப்பிக்கொண்டதால் வந்தவை. 'உடனே வருவது ரசீது. மே மாதம் வருவது சான்றிதழ்' என்று இரண்டு வரியில் போட்ட பிறகு அவை ஏறக்குறைய நின்றுவிட்டன.

வரிச்சலுகை பற்றி எழுதும்போது நிதானம் தேவைப்பட்டது. பழைய துண்டறிக்கையில் '100% வரிவிலக்கு' என்று இருந்தது, அது உண்மையல்ல. எங்களைப் போன்ற அறக்கட்டளைகளுக்குத் தருவதில் பாதியை, மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்புக்குள், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய் கொடுத்தவருக்கு 5,000 ரூபாய் கழியும். 20 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு மிச்சமாவது மேல்வரியையும் சேர்த்து 1,040 ரூபாய். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது. அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது. 2023-24 முதல் இயல்புநிலையாகிவிட்ட புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை. இவ்வளவையும் எழுதினால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் கூட்டத்தில் எழுந்தது. வரிக்காகக் கொடுப்பவர் 63 அழைப்புகளில் எத்தனை பேர் என்று அக்கா நோட்டைப் புரட்டிக் காட்டினார்.

வெளிநாட்டுப் பணம் தனி வலி. இல்லத்தில் வளர்ந்து இப்போது சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றுவிட்ட ஒருவர், தன் பெயரில் மாதம் ஒரு வேளை உணவு போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010இன்படிப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டவரிடமிருந்து பணம் பெறக் கூடாது. பிறப்பால் இந்தியராக இருந்து குடியுரிமை மாறியவரும், அவரிடம் இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டவரே. இந்தியாவில் இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகத்தான் கருதப்படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. பதிவு பெற்ற அமைப்புகளும் 2020 திருத்தத்துக்குப் பிறகு, பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் அந்தப் பணத்தைப் பெற முடியும். எங்கள் அறக்கட்டளைக்குப் பதிவு இல்லை. ஆகவே 'நான் இந்தியக் குடியுரிமை உள்ளவர்' என்ற கட்டத்தில் குறியிடாமல் பணப் பக்கம் திறக்காதபடி வைத்தோம். வெளிநாட்டு அட்டைகளைக் கேட்வேயில் முடக்கி வைத்தோம். சிங்கப்பூர்க்காரருக்கு டீச்சர் தன் கையால் கடிதம் எழுதினார். ஊருக்கு வரும்போது அவர் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போகிறார்.

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் பிரிவினருக்கான பக்கம் ஒரே பிற்பகலில் முடிந்தது, ஏனென்றால் அவர்கள் கதை கேட்பதில்லை. 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவு), 80ஜி பதிவு எண்கள், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பெற்ற அடையாள எண், 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை. அறிக்கைகள் பக்கவாட்டில் சாய்த்து ஸ்கேன் செய்யப்பட்டு ஒவ்வொன்றும் 38 எம்பி எடையில் இருந்தன. நிமிர்த்தி, சுருக்கி, கையெழுத்தும் முத்திரையும் தனியே பெரிதாகத் தெரியாத தரத்தில் ஏற்றினேன். யாராவது வெட்டி எடுத்து வேறு தாளில் ஒட்டிவிடக் கூடாதல்லவா? அதோடு, வரவும் செலவும் எதற்கு எவ்வளவு என்பதைச் சாதாரணத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தோம். பொன்னாடைப் படங்களுக்கும் தனிப் பக்கம் உண்டு. அறங்காவலர்கள் தங்கள் உறவினர்களுக்கு அனுப்ப அது பயன்படுகிறது.

பழைய ஆண்டறிக்கைகளைத் தமிழில் ஏற்றப் போனபோது அவை யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தது தெரிந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் அல்ல. மாற்றியில் இட்டு யூனிகோடாக்கினாலும் மேற்கோள் குறிகள், எண்கள், இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் சிதைந்துவிடுவதால், வரி வரியாக மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த இரண்டு வார இரவுகள் போயின.

திரையில் தமிழை அமர்த்துவதற்கும் தனி உழைப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சாதாரணம், தடிமன் ஆகிய இரண்டு எடைகளில் மட்டும் சேர்த்தேன். தடிமன் கோப்பைச் சேர்க்காமல் விட்டால் உலாவி தானே எழுத்தைப் பூசித் தடிப்பாக்கி, சுழிகளை அடைத்துவிடுகிறது. மேலும் கீழும் நீளும் குறிகளுக்கு இடம் கிடைக்க வரி இடைவெளியைக் கூட்டினேன். அக்காவின் கைபேசியில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருந்தார். அதில் 'நன்கொடையளிக்க' என்ற சொல் பொத்தானைத் தாண்டி வழிந்தது. 'உணவளிக்க' என்று மாற்றியதில் இடமும் மிஞ்சியது, பொருளும் தெளிவாயிற்று. முகப்பின் எடை 14 எம்பியிலிருந்து 600 கேபிக்கு இறங்கியது. தானாக நகரும் படங்களை அத்தோடு எடுத்துவிட்டேன், ஒருவரும் கவனிக்கவில்லை.

டீச்சரின் பழைய மாணவர் ஒருவர், பார்வையற்றவர், கைபேசித் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் துணையோடு தளத்தைச் சோதித்துக் கொடுத்தார். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நான் நிரலில் குறிக்காததால் திரைவாசிப்பான் தடுமாறியது. நாட்காட்டியில் காலியைப் பச்சையாலும் நிறைந்ததைச் சிவப்பாலும் மட்டும் காட்டியிருந்தேன்; அவருக்கு எல்லா நாளும் வெறும் எண்ணாகவே கேட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லாகவே எழுதினேன். வெள்ளைப் பின்னணியில் நான் ஆசையோடு வைத்த மஞ்சள் எழுத்தும் போயிற்று. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் வரம்பு. என் மஞ்சள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிரும்போது தெரியும் முன்னோட்டத்துக்கு, தட்டுகளின் படத்தையும் 'இந்த மாதம் காலியாக உள்ள நாட்கள்' என்ற தலைப்பையும் கொடுத்தேன். குடும்பக் குழுக்களில் அதுதான் சுற்றுகிறது. மொத்தத் தளத்தில் எனக்குப் பிடித்த பக்கம் எது என்று கேட்டால் அந்தச் சிறு பெட்டியைத்தான் சொல்வேன்.

2024 மே மாதம் சான்றிதழ்கள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. சுவரில் புதிய முகவரியை எழுதியாயிற்று. ஓவியர் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, அக்கா சொன்ன பிறகு ஏணி போட்டுத் திரும்ப எழுதினார். முடிக்காமல் விட்டது திதிக் கணக்கு. பலர் நினைவு நாளைத் தேதியால் சொல்வதில்லை. ஐப்பசி வளர்பிறை சப்தமி என்றுதான் சொல்கிறார்கள், அது ஆண்டுதோறும் வேறு தேதியில் விழும். நிரலில் கணக்கிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்துச் சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகிறது. எந்தக் குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்பது நிரலுக்குத் தெரியாது. அக்காவின் மேசைக்கு மேலே தினசரிக் காலண்டர் தொங்குகிறது. திதி சொல்லிப் பதிந்தவர்களை அவர் ஒரு மாதம் முன்பே அழைத்து, "உங்க வீட்டுல என்னைக்கின்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அந்தத் தேதியை ஷீட்டில் நிரப்பிக்கொள்கிறார்.